தண்டவாளம் போடுமுன் பாதையோர மக்களோடு உட்கார்ந்து படியுங்கள்: இலகு ரயில் ஆணையங்களுக்கும் நகராட்சிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்து ஆணையத்தாருக்கும், நகர மன்ற உறுப்பினர்களுக்கும், திட்டப் பிரிவு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

புதிய இலகு ரயில் (பெரும்பாலும் சாலை மட்டத்திலேயே ஓடும் சிறிய மின்ரயில்) பாதையை அறிவித்ததும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துகிறீர்கள். சுவர் நிறைய வரைபடம், ஆளுக்கு மூன்று நிமிடம் பேச ஒரு மைக், வாசலில் ஒரு படிவம். சட்டம் கேட்கிறது, நடத்துங்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வெகு முன்பே இன்னொரு வேலை தொடங்கியிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல். பாதையோரம் வாடகைக்குக் குடியிருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், இன்று அதே சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள், உங்கள் பொறியாளர்கள், நிலப் பிரிவு அலுவலர்கள், வீடு கட்டக் கடன் கொடுக்கும் வங்கியாளர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே எண்களைப் பார்த்து, மாதக்கணக்கில் சேர்ந்து படிக்க வேண்டும். மக்களுக்கு நீங்கள் நடத்தும் வகுப்பாக அது இருக்கக் கூடாது. இரண்டு தரப்புக்கும் தெரியாத விஷயங்கள் இரண்டு தரப்பிலும் இருக்கின்றன.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் தவறுகின்றன. நிறுத்தங்கள் எங்கே வரும், சாலையின் நடுவில் போகுமா ஓரத்திலா, பாதசாரிகள் எந்த இடங்களில் கடக்கலாம், மின்சாரம் கொடுக்கும் துணைநிலையங்கள் எந்த மனைகளில் வரும் என்பதெல்லாம் சுற்றுச்சூழல் அறிக்கையும் 30 சதவீத வடிவமைப்பும் (பொறியியல் வரைபட வேலையின் முதல் 30 சதவீதம்) முடியும்போதே ஏறக்குறைய உறுதியாகிவிடும். அதற்குப் பிறகு ஒரு கடவையை 40 மீட்டர் நகர்த்தச் சொன்னால்கூட சிக்னல், வடிகால், மின்கம்பம் எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும். ஒப்பந்ததாரர் கூடுதல் தொகை கேட்பார். ஆனால் கூட்ட அரங்கு நிரம்புவதோ சாலையைத் தோண்ட ஆரம்பித்த பிறகுதான். அப்போது வருகிறவர்களிடம் கேட்பதற்கு உங்களிடம் மிச்சமிருக்கும் கேள்வி, நிறுத்தத்தின் கூரைக்கு என்ன நிறம் என்பதுதான். மக்கள் கோபப்படுவது நியாயம்.

முன்கூட்டியே படித்தவர்களால் என்ன செய்ய முடிந்தது என்பதற்கு அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு தெளிவான உதாரணம் உண்டு. மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களின் மையப்பகுதிகளை இணைக்கும் பசுமைத் தடம் 2014 ஜூன் 14 அன்று திறக்கப்பட்டது. சுமார் 18 கிலோமீட்டர், ஏறத்தாழ 95.7 கோடி டாலர் செலவு. ஆரம்பத் திட்டத்தில், செயின்ட் பாலின் யூனிவர்சிட்டி அவென்யூவில், கறுப்பின மக்களும் ஆசியக் குடியேறிகளும் அதிகம் வாழ்ந்த பகுதியில் நிறுத்தங்களுக்கிடையே ஒரு மைல் இடைவெளி விடப்பட்டிருந்தது. அதே சாலையில் அடிக்கடி நின்று ஏற்றிப்போன 16ஆம் எண் பஸ்ஸையும் குறைப்பதாகத் திட்டம். ஆக, ரயில் வாசலைத் தாண்டி ஓடும், ஏறத்தான் முடியாது. 1950களிலும் 60களிலும் ஐ-94 நெடுஞ்சாலைக்காக ராண்டோ என்ற கறுப்பினக் குடியிருப்பை இடித்துப் பிளந்ததும் இதே பகுதியில்தான்; அந்த நினைவு அங்கே ஆறவில்லை.

அந்த இடைவெளிகளில் வந்திருக்க வேண்டிய மூன்று நிறுத்தங்கள் விடுபட்டதன் காரணத்தைத் தேடினால் அது ஒரு கணக்கில் போய் நின்றது. கூட்டாட்சி அரசு மானியம் தருவதற்கு ஒரு செலவுத்திறன் குறியீட்டைப் பார்த்தது. பயண நேரம் எவ்வளவு மிச்சமாகிறது என்பதற்கு அதில் பெரிய எடை. ஒவ்வொரு கூடுதல் நிறுத்தமும் செலவையும் கூட்டி நேரத்தையும் கூட்டும், குறியீடு சரியும், மானியம் கைநழுவும். ஆகவே உள்ளூர் அதிகாரியிடம் சண்டை போட்டு மட்டும் பயனில்லை. அக்கம்பக்க அமைப்புகள் கூட்டமைப்பாகச் சேர்ந்து அந்த விதியையே கேள்வி கேட்டன. 2010 ஜனவரியில் கூட்டாட்சி அரசு அந்த அளவுகோலைத் தளர்த்தியது. ஹாம்லின், விக்டோரியா, வெஸ்டர்ன் மூன்று நிறுத்தங்களும் திட்டத்தில் சேர்ந்தன. பாதை திறந்த நாளிலேயே அவையும் திறந்தன. பிற்பாடு நிறுத்தம் கட்டத் தோதாக நிலத்தடி வேலையை முன்கூட்டியே செய்துவைக்கும் ஏற்பாடும் அதற்கு முன்பே பேசி வாங்கப்பட்டிருந்தது. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் இங்கே பாடமாக இருந்தது. உங்கள் பாதையிலும் இப்படி ஒரு சூத்திரம் எங்காவது உட்கார்ந்திருக்கும். முதல் அமர்விலேயே அதை எடுத்து மேசையில் வையுங்கள்.

இனி, குழுவை எப்படிச் சேர்ப்பது என்று பார்ப்போம்.

ஒரு குழுவில் 24 முதல் 30 பேர் போதும். அதற்கு மேல் போனால் பேசுகிறவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள். பாதி இடம் வாடகைதாரர்களுக்கும் வாடகைக் கடைக்காரர்களுக்கும் என்று முதலிலேயே ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் சொந்த வீட்டுக்காரர்களால் குழு தானாக நிறைந்துவிடும். மாலை நேரம் அவர்களுக்கு வாய்க்கிறது, கூட்டம் நடத்திய பழக்கமும் உண்டு. நிலத்தின் மதிப்பு ஏறினால் சொந்த வீட்டுக்காரருக்கு ஆதாயம், வாடகைதாரருக்கு ஆபத்து. இந்த இருவரையும் "பகுதி மக்கள்" என்ற ஒரே பெயரில் அடக்கி ஒரே கருத்தை எதிர்பார்ப்பது பிழை. கால்வாசி இடம் ஆணையத்தாருக்கும் நகராட்சிக்கும் இருக்கட்டும். ஆனால் மக்கள் தொடர்பு அலுவலரை மட்டும் அனுப்பாதீர்கள். வரைபடத்தில் கோடு போடும் பொறியாளரே வர வேண்டும். நிலம் வாங்கும் பிரிவில் கையெழுத்து போடுகிறவரும் வர வேண்டும். அவர்கள் பார்வையாளர்களாக அல்ல, மற்றவர்களைப் போலவே கற்பவர்களாக உட்காரட்டும்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை, இரண்டரை மணி நேரம், மொத்தம் எட்டு முதல் பத்து அமர்வு. ஆறேழு மாதத்தில் முடியும். சம்பளம் வாங்காமல் வருகிற ஒவ்வொருவருக்கும் மணிக்கணக்கில் ஊதியம் கொடுங்கள். உங்கள் ஆலோசகர் நிறுவனம் வந்து உட்கார்ந்ததற்கு பில் போடும்போது, தையல் கடையைப் பூட்டிவிட்டு வருகிறவர் மட்டும் ஏன் சும்மா வர வேண்டும்? அரசு உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு இந்த ஊதியம் வருமானமாகக் கணக்கிடப்பட்டு உதவி வெட்டுப்படலாம்; எந்த வடிவில் கொடுத்தால் வெட்டு விழாது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், சாப்பாடு, போக வரப் பயணச்சீட்டு ஆகியவை அடிப்படை.

மொழிபெயர்ப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒருவர் பேசி முடித்ததும் இன்னொருவர் மொழிபெயர்க்கும் முறையில் இரண்டரை மணி நேரம் பாதியாகிவிடும். மொழி தெரியாதவர் எப்போதும் ஒரு வாக்கியம் பின்தங்கியே இருப்பார், குறுக்கிட்டுக் கேள்வி கேட்க முடியாது. காதில் மாட்டும் கருவியோடு உடனுக்குடன் மொழிபெயர்ப்பதே சரி. இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை மாறிக்கொள்ள வேண்டும். அமர்வுக்கு ஏழு நாள் முன்பாகத் தாள்கள் எல்லா மொழியிலும் கைக்கு வந்துவிட வேண்டும். எப்போதாவது ஒரு அமர்வைப் பெரும்பான்மை மொழி அல்லாத மொழியிலேயே நடத்தி, அதிகாரிகள் காதில் கருவியை மாட்டிக்கொள்ளட்டும். அறையில் யார் யோசித்துப் பேசுகிறார்கள் என்பது அன்றைக்கு மாறும்.

எதைப் படிப்பது? நடையிலிருந்து தொடங்குங்கள்.

நிறுத்தத்தை மையமாக வைத்து 800 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, உள்ளே இத்தனை ஆயிரம் பேருக்குப் பயன் என்று அறிக்கையில் எழுதுகிறீர்கள். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர். ஆனால் மனிதர்கள் ஆரத்தில் நடப்பதில்லை. முட்டுச்சந்துகள், வேலி போட்ட வாகன நிறுத்தங்கள், கடக்க முடியாத நெடுஞ்சாலை இவற்றைச் சுற்றிக்கொண்டு 800 மீட்டரில் உண்மையில் சென்றடையக்கூடிய பரப்பு பாதிகூடத் தேறாத இடங்கள் உண்டு. குழு நான்கு அணியாகப் பிரிந்து, நான்கு திசையிலும் நடந்து, பத்து நிமிடத்தில் எங்கே நிற்கிறோமோ அங்கே சாக்பீஸால் குறியிட வேண்டும். அந்தக் குறிகளை இணைத்துப் பார்த்தால் எந்த வேலியில் ஒரு வழி திறந்தால் எத்தனை வீட்டுக்குப் பயன் என்று தானே தெரிந்துவிடும். பல சமயம் ஒரு நிலையத்தின் கூரைச் செலவைவிட அந்த வழி மலிவு.

அதே நடையில் கடவையையும் அளக்கலாம். இருபுறமும் இரண்டு வழித்தடம், நடுவில் இரட்டைத் தண்டவாளம் என்றால் சாலையின் அகலம் 27 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 22.5 நொடி போதும். முதியவர்கள் பலர் நொடிக்கு 0.9 மீட்டர்தான் நடப்பார்கள்; அவர்களுக்கு 30 நொடி தேவை. இடையில் இருக்கும் ஏழரை நொடி, முதியவர் இன்னும் சாலையைக் கடந்து முடிக்காத நேரம். ரயிலுக்கு முன்னுரிமை தரும் சிக்னல் வந்தால் பாதசாரி நேரத்தைச் சுருக்கத்தான் முதலில் தோன்றும். தண்டவாளத்துக்கும் வாகனத் தடத்துக்கும் நடுவே குறைந்தது 2 மீட்டர் அகலத்தில், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் ஒதுங்கி நிற்க ஒரு திட்டு இருந்தால் இரண்டு கட்டமாகக் கடக்கலாம். இதை 30 சதவீத வடிவமைப்புக்கு முன்னால் சொன்னால் வரைபடத்தில் ஒரு கோடு மாறும். பிறகு சொன்னால் நடைபாதையிலிருந்து வெட்டியெடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது வாடகை. குழுவின் நேரத்தில் பெரும்பகுதியை இதற்குக் கொடுங்கள். ஏனென்றால் ரயில் யாருக்காக வந்தது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

நில விலை, ரயில் ஓட ஆரம்பிக்கும் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. பாதை அறிவிப்பு வந்ததும் ஒரு முறை ஏறும், நிதி ஒப்பந்தம் கையெழுத்தானதும் மறுபடி ஏறும். திறப்பு விழாவுக்குப் பிறகு மலிவு வீடு கட்ட மனை தேடுகிறவர் அந்த ஏற்றம் முழுவதையும் விலையாகக் கொடுப்பார். இதை முன்கூட்டியே உணர்ந்துதான் டென்வரில் 2010லேயே, பாதைகள் விரியும் முன், நிலையங்களுக்கு அருகில் மனை வாங்கிவைக்கத் தனி நிதி உருவாக்கினார்கள். மேரிலாந்தில் பெதெஸ்டாவையும் நியூ காரல்டனையும் இணைக்கும் ஊதாத் தடம், 16.2 மைல், 21 நிலையங்கள் கொண்டது. அங்கே பல்கலைக்கழகம், இரண்டு மாவட்ட நிர்வாகங்கள், சமூக அமைப்புகள் எல்லாம் சேர்ந்த கூட்டணி, வேலை தொடங்கிய 2017லேயே சமூக வளர்ச்சி ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டது. 2019இல் வீட்டுவசதிச் செயல்திட்டமும் வந்தது: பாதையோரம் 17,000 வீடுகள், ஆண்டுக்கு 70,000 டாலரோ அதற்குக் குறைவாகவோ ஈட்டும் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் நிலையிலேயே தொடர வேண்டும் என்பது இலக்கு. இலக்கை ஓர் எண்ணாகச் சொல்லிவிட்டார்கள் என்பதுதான் முக்கியம். "மலிவு வீடுகளை ஊக்குவிப்போம்" என்ற வாக்கியத்தை யாராலும் அளக்க முடியாது.

மலிவு என்றால் யாருக்கு மலிவு? ஒரு பயிற்சிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பெருநகரப் பகுதி முழுவதற்கும் இடைநிலைக் குடும்ப வருமானம் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் ஈட்டும் அளவு) ஆண்டுக்கு 1,00,000 என்று கொள்வோம். விதியில் "80 சதவீத வருமானக்காரருக்கான வீடு" என்று இருந்தால், 80,000 வருமானத்தில் 30 சதவீதம் வாடகை, மாதம் 2,000. ஆனால் பெருநகரக் கணக்கில் வசதியான புறநகர்களும் சேர்ந்திருக்கும். பாதையோரத்துக் குடும்பத்தின் இடைநிலை வருமானம் 45,000 என்றால் அவர்களால் தாங்கக்கூடிய வாடகை 1,125. மலிவு வீடு என்ற பலகையோடு கட்டிடம் எழும்பும், பக்கத்துத் தெருக்காரர் பலரால் அதில் குடிபுக முடியாது. இந்த இரண்டு எண்ணையும் எல்லோரும் கையால் போட்டுப் பார்க்க வேண்டும், அதிகாரிகள் உட்பட.

அடுத்த படியாக, கட்டுகிறவரின் கணக்கு. ஒரு வீட்டுக்கு மொத்தச் செலவை 100 பங்கு என்று வையுங்கள்: நிலம் 15, கட்டுமானம் 65, வடிவமைப்பு, வட்டி, கட்டணம் எல்லாம் 20. பராமரிப்பு, வரி, காப்பீடு என மாதம் 600 போகும். வாடகையைக் குறைத்தாலும் அது குறையாது. 2,000 வாடகையில் மிஞ்சுவது 1,400. அதை வைத்து 100 பங்கும் கடனாகவும் முதலீடாகவும் திரட்ட முடிகிறது என்று வைத்துக்கொண்டால், 1,125 வாடகையில் மிஞ்சும் 525ஐ வைத்து 37.5 பங்குதான் திரட்ட முடியும். வாடகை பாதிக்குச் சற்று மேலே இருக்க, கட்டும் பணம் பாதிக்கு வெகு கீழே போய்விடுகிறது. பள்ளம் 62.5. ஆணையம் நிலத்தை இலவசமாகக் கொடுத்தால் 47.5 ஆகும். வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தம் என்ற விதியைத் தளர்த்தி அதில் 10 பங்கு மிச்சப்பட்டால் 37.5. மீதி மானியமாகத்தான் வர வேண்டும். இந்தக் கணக்கைப் போட்ட குடியிருப்பாளர்கள் வெறுமனே "மலிவு வீடு வேண்டும்" என்று கேட்பதோடு நிற்க மாட்டார்கள். எந்த மனை, எந்த விதி, எவ்வளவு மானியம் என்று கேட்பார்கள். நிலத்தைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எந்த ஆணையமும் அவர்களிடம் சொல்லிவிட முடியாது.

நிலத்தைக் கொடுப்பது பாதி வேலைதான், ஆனாலும் அதை விதியாக்க வேண்டும். கட்டுமானத்துக்குத் தளவாடம் வைக்க வாங்கிய மனைகள் வேலை முடிந்ததும் மிஞ்சும். வாஷிங்டன் மாநிலம் 2015இல் சியாட்டல் பகுதி ரயில் ஆணையத்துக்குச் சட்டமாகவே எழுதிவிட்டது: வீடு கட்ட ஏற்ற மிச்ச நிலத்தில் 80 சதவீதத்தை முதலில் மலிவு வீடு கட்டுவோருக்கு அளிக்க வேண்டும், அங்கே எழும் வீடுகளில் 80 சதவீதம், இடைநிலை வருமானத்தில் 80 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ ஈட்டுவோருக்கு. மூன்றாவது எண்ணைப் பற்றி எங்களுக்குக் குறை உண்டு, மேலே போட்ட கணக்கே காரணம். இருந்தாலும் அதிகாரியின் நல்லெண்ணத்தை நம்பி விடாமல் சட்டத்தில் ஏற்றியது சரியான வேலை.

புதிய வீடு கட்டுவதைவிட இருக்கும் மலிவு வீட்டைக் காப்பது குறைந்த செலவில் முடியும். அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். மானியத்தோடு கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு ஒரு தேதியில் காலாவதியாகும். அமெரிக்காவில் வரிச்சலுகையோடு கட்டியவற்றுக்குப் பொதுவாக 30 ஆண்டு. ஒவ்வொரு நிறுத்தத்தையும் சுற்றி எந்தக் கட்டிடத்துக்கு எந்த ஆண்டு கெடு என்று ஒரே தாளில் எழுதுங்கள். எந்த மானியமும் இல்லாமல், பழையதாக இருப்பதாலேயே வாடகை குறைந்த கட்டிடங்கள் இன்னொரு வகை. அவற்றைப் பற்றிய விவரம் உங்கள் கோப்பில் இருக்காது. எந்த உரிமையாளருக்கு வயதாகிவிட்டது, எந்தக் கட்டிடத்தில் இரண்டு மாதமாக வீடு காலியானால் மறுபடி வாடகைக்கு விடுவதில்லை, எங்கே முன்பின் தெரியாதவர்கள் வந்து அளந்து போகிறார்கள் என்பதெல்லாம் அங்கே குடியிருப்பவர்களுக்கே தெரியும். விற்பனை நடக்கப்போகும் அறிகுறி அதுதான். ஆறு மாதம் முன்னால் தெரிந்தால் ஒரு வீட்டுவசதி அமைப்பு கடன் திரட்டி அந்தக் கட்டிடத்தை வாங்க முடியும்.

இடப்பெயர்வுச் சட்டத்தைக் காட்டி யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, திட்டத்துக்காக வீட்டைக் கையகப்படுத்தினால் அங்கே குடியிருந்தவருக்கு இழப்பீடு உண்டு. ரயில் வருகிறது என்பதற்காக வாடகையை உயர்த்தி, அதனால் வெளியேறுகிறவருக்கு அந்தச் சட்டத்தில் ஒன்றுமில்லை. அப்படி வெளியேறுகிறவர்களே அதிகமாக இருக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்.

கடைகளுக்கு வருவோம். சாலை நடுவே தண்டவாளம் வந்தால், எதிர்த்திசையிலிருந்து வரும் வாகனம் கடைப் பக்கம் திரும்ப முடியாது. சாலையோர வாகன நிறுத்தம் போய்விடும். சரக்கு லாரி எங்கே நிற்கும் என்பதை யாரும் வரைபடத்தில் குறித்திருக்க மாட்டார்கள். இவை நிரந்தர மாற்றங்கள். கட்டுமானக் காலத்தின் தொல்லை வேறு. தண்டவாளத்தின் அடியில் பிற்பாடு தோண்ட முடியாது என்பதால் தண்ணீர்க் குழாய், சாக்கடை, எரிவாயு, தொலைத்தொடர்புக் கம்பி எல்லாவற்றையும் முதலில் நகர்த்த வேண்டும். திட்டங்கள் இழுபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: பழைய வரைபடத்தில் இருக்கும் இடத்தில் குழாய் இருக்காது. டெண்டருக்கு முன்பே சோதனைக் குழிகள் தோண்டிப் பார்த்து, முடிவுகளைக் குழுவோடு பகிருங்கள். எந்தத் தெருவில் குழப்பம் அதிகமோ அங்கே தோண்டும் காலமும் நீளும் என்று கடைக்காரர் புரிந்துகொண்டு சரக்கையும் கடனையும் திட்டமிட முடியும். டொராண்டோவின் எக்ளிங்டன் பாதையில் 2011இல் தொடங்கிய வேலை 2020இல் முடிவதாகச் சொல்லப்பட்டு, அதற்கப்பாலும் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்தச் சாலையோரம் சிறு கடைகள் பட்ட பாடு அந்நகரம் அறிந்தது.

நட்ட ஈடு கொடுக்கத் தயாராக இருந்தாலும் அது கடைக்காரர் கைக்குப் போய்ச் சேராமல் நிற்பது ஆவணம் இல்லாததால். நட்டத்தைக் காட்ட, வேலை தொடங்கும் முன்னான 24 மாத விற்பனைக் கணக்கு வேண்டும். ரொக்கத்தில் நடக்கும் சிறு கடையில் அது இருக்காது. வேலை தொடங்கிய பிறகு கணக்கு எழுதச் சொல்லிப் பயனில்லை, ஒப்பிட எதுவும் கிடையாது. ஆகவே இரண்டு ஆண்டு முன்பே ஒரு கணக்காளரைக் கடை கடையாக அனுப்பி மாத விற்பனையை எழுதப் பழக்குங்கள். அந்தத் தாள் வரித் துறைக்கோ வேறெங்குமோ போகாது என்ற எழுத்துறுதியும் கொடுங்கள். கூடவே குத்தகைப் பத்திரத்தை வழக்கறிஞரோடு உட்கார்ந்து படிக்க ஓர் அமர்வு வேண்டும். புதுப்பிக்கும் உரிமை இருக்கிறதா, கட்டிடத்தை இடித்தால் எத்தனை நாளில் வெளியேற வேண்டும், உரிமையாளரின் சொத்து வரி ஏற்றம் யார் தலையில் விழும் என்று மூன்று இடங்களில் கோடு போட்டால் போதும். மாதத்துக்கு மாதம் என்ற வாய்மொழிக் குத்தகையில் இருப்பவர், ரயில் அறிவிப்புக்கு முன் எழுத்துக் குத்தகை வாங்கிவிட்டால் பாதித் தூரம் கடந்துவிட்டார்.

செயின்ட் பாலில் சிறு கடைகளுக்கு 20,000 டாலர் வரை திருப்பிக் கட்டத் தேவையில்லாத கடன் கொடுத்தார்கள். ஆனாலும் கட்டுமானக் காலத்தில் கடைகள் இழக்கும் வருமானத்தைச் சுற்றுச்சூழல் அறிக்கை போதிய அளவு ஆராயவில்லை என்று 2011இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. சியாட்டலின் ரெய்னியர் பள்ளத்தாக்கில், தரைமட்டத்தில் ஓடும் பாதைக்காக 5 கோடி டாலர் சமூக நிதி ஒதுக்கினார்கள். எந்தத் தொகையாக இருந்தாலும், அது முதல் குழி வெட்டுமுன் வங்கியில் இருக்க வேண்டும். கடை மூடிய பிறகு வரும் காசோலை கடையைத் திறக்காது.

வேலைவாய்ப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். எக்ளிங்டன் பாதையில் ஒவ்வொரு தொழிற்பிரிவிலும் வேலை நேரத்தின் 10 சதவீதம் பயிற்சித் தொழிலாளர்களுக்கு என்று இலக்கு வைத்தார்கள். நல்ல வடிவம், ஏனெனில் ஆள் எண்ணிக்கையைவிட மணிக்கணக்கை ஏமாற்றுவது கடினம். ஆனால் வெல்டர் ஒருவர் ஆறு வாரத்தில் உருவாகமாட்டார். ஆயத்தப் பயிற்சி, ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு ஓராண்டு முன்னால் தொடங்கியிருக்க வேண்டும்.

இத்தனையும் படித்த பிறகும் எல்லாம் வீணாகக் கூடிய ஓரிடம் இருக்கிறது. படித்ததை முடிவோடு கட்டாவிட்டால் அது இனிமையான ஒரு சாயங்காலம், அவ்வளவுதான். அதனால் குழுவுக்கு ஒரு முடிவுப் பதிவேடு வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஆறு கட்டம்: என்ன கேள்வி, யார் முடிவெடுப்பார், எந்தத் தேதியில், குழு என்ன பரிந்துரைத்தது, என்ன முடிவானது, மறுத்திருந்தால் ஏன். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. காரணம் எழுதாமல் மறுக்க உரிமை இல்லை என்று முதல் நாளிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். பரிந்துரை வந்து 30 நாளில் பதில். ஒவ்வோர் அமர்வும் பதிவேட்டின் ஏதாவது ஒரு தேதிக்கு ஆறு வாரம் முன்னதாக வருமாறு நாட்காட்டியை அமையுங்கள். எந்தத் தேதியோடும் சேராத தலைப்பு எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் தள்ளி வையுங்கள்.

வேறு சில இடங்களிலும் கவனம் வேண்டும். மூன்றாம் அமர்வில் ஆள் குறையும். பெரும்பாலும் அலுப்பால் அல்ல, ஷிப்ட் மாறியதால். ஆகவே ஒரே அமர்வை ஒரு முறை காலையிலும் ஒரு முறை மாலையிலும் நடத்துங்கள். அதிகாரி இடமாற்றம் ஆனால் புதியவருக்கு எதுவும் தெரியாது. பொறுப்பு கைமாறும்போது பதிவேட்டை வாசித்துக் கையெழுத்திடுவதைப் பணிவிதியாக்குங்கள். வீட்டு வாடகை, குடும்ப அளவு, குடியேற்ற நிலை பற்றி எழுதும் தாள்களில் பெயரும் கதவு எண்ணும் வேண்டாம். தெரு அளவுக்கு மேல் நுணுக்கம் தேவையில்லை. அந்தத் தாள்கள் அரசு அலுவலகத்தில் இருந்தால் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கக்கூடும். ஆகவே அவற்றைச் சமூக அமைப்பொன்று வைத்திருப்பதே நல்லது. வரைபடங்கள், சொத்துப் பட்டியல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்ற கணக்கு இவையெல்லாம் படமாக அல்லாமல் கணக்கிடக்கூடிய கோப்பாகக் குழுவிடம் வர வேண்டும்.

இந்த மடலுக்கு வாழ்த்துரையாகப் பதில் வேண்டாம். நான்கு தாள்கள் அனுப்புங்கள்: அடுத்த 24 மாதத்தில் எடுக்கப்போகும் முடிவுகளும் அவற்றின் தேதிகளும், கட்டுமானத்துக்காக வாங்கப்போகும் மனைகளும் அவற்றில் மிஞ்சக்கூடியவையும், ஒவ்வொரு நிறுத்தத்தையும் சுற்றி வாடகைக் கட்டுப்பாடு காலாவதியாகும் கட்டிடங்கள், குழுவின் ஊதியம், மொழிபெயர்ப்பு, குழந்தைப் பராமரிப்புக்குத் திட்டச் செலவில் ஒதுக்கிய தனித் தலைப்பு. பதிவேட்டை ரயில் ஓடத் தொடங்கியதும் மூட வேண்டாம். வாடகையும் கடைக் குத்தகைகளும் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்படும். திறந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு இரண்டு முறை அதே குழு அதே எண்களை மறுபடி எடுத்துப் பார்க்க, அந்தச் செலவையும் இப்போதே ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
பாதையோரக் கற்றல் குழுக்களோடு பணியாற்றும் திட்டமிடுவோரும் குடியிருப்போர் அமைப்பினரும்